ஓராண்டு பேஸ்பால் சந்தா: கோலாலம்பூரிலிருந்து புளூ ஜேய்ஸ் அணியைப் பின்தொடர்ந்த அனுபவம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், வட அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் ஓர் இணைய ஒளிபரப்புச் சேவைக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். முப்பது அணிகளின் ஆட்டங்களும் அதில் வரும் என்றாலும், நான் கட்டியது ஒரே ஓர் அணிக்காகத்தான்: கனடாவின் டொரோண்டோ புளூ ஜேய்ஸ். நவம்பர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்த அணியின் கடைசி ஆட்டம் முடியும் வரை, ஏழு மாதங்களுக்கு மேலாக அந்தச் சேவையை ஏறக்குறைய நாள் தவறாமல் பயன்படுத்தினேன். கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் இப்படியொரு சந்தாவுக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன கிடைக்கும், எங்கே ஏமாற்றம் வரும் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கலாம், ஆனால் மார்ச்சிலேயே கொடுக்க வேண்டும். அக்டோபரில் இறுதிச் சுற்றுகள் தொடங்கும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பவர் கொஞ்சம் காசை மிச்சம் பிடிப்பார். ஆனால் அந்த ஆட்டங்கள் ஏன் அப்படி நெஞ்சைப் பிடிக்கின்றன என்பது அவருக்குப் பாதிதான் புரியும்.

அக்காள் திருமணமாகி டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வட்டாரத்தில் தமிழர்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததே. பெரும்பாலோர் ஈழத்திலிருந்து போனவர்கள், ஊரின் பெயரையே ‘ரொறன்ரோ’ என்றுதான் எழுதுவார்கள். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் கோடைக்காலப் பேச்செல்லாம் புளூ ஜேய்ஸ்தான். மாண்ட்ரியலில் இருந்த எக்ஸ்போஸ் அணி 2004க்குப் பிறகு வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், அமெரிக்காவுக்கு வெளியே எஞ்சியிருக்கும் ஒரே பெரிய லீக் அணி இதுதான். அதனால் கனடா முழுவதும் இதைத் தன் அணியாகவே வரித்துக்கொண்டிருக்கிறது. “மாமா, நீங்களும் பாருங்க, நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்க்கலாம்” என்று அக்காள் மகன் பல முறை கேட்டதால்தான் இதற்குள் வந்தேன். காற்பந்தும் பூப்பந்தும் பார்த்து வளர்ந்த எனக்குப் பேஸ்பால் அந்நியம்தான். ஆனால் இடைநிலைப் பள்ளியில் சாப்ட்பால் ஆடியிருந்ததால் அடிப்படை விதிகள் கைகொடுத்தன. நம் நாட்டில் சாப்ட்பால் ஆடிய யாருக்கும் இந்த ஆட்டம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை அதுவே பாதி தீர்மானிக்கிறது. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை டொரோண்டோவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. இரண்டு ஊர்க் கடிகார முட்களும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த அணியின் உள்ளூர் இரவு ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை 7.07க்குத் தொடங்கும், இங்கே அது காலை 7.07. எறிவாளர் குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 2023இல் வந்த பிறகு, ஓர் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மா இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றும் நேரத்தில் முதல் பந்து. பசியாறி முடிக்கும்போது, இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும் ஒன்பது இன்னிங்ஸ்களில் மூன்றாவது. கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறும்போது நான்காவது. மீதியை வேலைக்கு இடையில் பார்க்க முடியாது என்பதால், மதிய உணவு நேரத்தில் சுருக்கப்பட்ட பதிவைப் பார்த்துவிடுவேன். அணி மேற்குக் கரையில் ஆடும் வாரங்கள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்குச் சிரமமானவை. லாஸ் ஏஞ்சலஸ் இரவு ஆட்டம் நமக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். சனி ஞாயிறுகளில் டொரோண்டோவில் பிற்பகல் ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவுக்கு மேல். அதை மறுநாள் காலையில் பார்ப்பதே நல்லது.

அப்படி மறுநாள் பார்ப்பவருக்கு இந்தச் சேவையின் மிக உயர்ந்த வசதி, ஆட்டக் கணக்கை மறைத்துவைக்கும் ஏற்பாடு. அமைப்புப் பக்கத்தில் அதை ஒரு முறை தெரிவு செய்துவிட்டால், முகப்பில் அணிகளின் பெயர் மட்டுமே தெரியும். யார் வென்றார் என்பது தெரியாது. முடிந்த ஆட்டத்தைத் திறக்கும்போதும் முதல் பந்திலிருந்தே தொடங்கும். வர்ணனையில் உள்ளூர் அணியின் குழுவையோ வெளியூர் அணியின் குழுவையோ நாமே தேர்ந்தெடுக்கலாம். படம் இல்லாமல் வானொலி வர்ணனையை மட்டும் கேட்கவும் முடியும். இந்த வானொலி வர்ணனையைத்தான் நான் எதிர்பாராத கொடையாகக் கருதுகிறேன். பேஸ்பாலில் பந்துக்கும் பந்துக்கும் இடையே மூச்சு விடும் இடைவெளி இருப்பதால், நல்ல வர்ணனையாளர் ஒருவர் அந்த இடைவெளியில் களத்தின் நிழல் எங்கே விழுகிறது, மைதானத்தின் கூரை திறந்திருக்கிறதா, மட்டையாளர் கையுறையை எப்படி இழுத்துச் சரிசெய்கிறார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். 1989இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் கூரை நகர்ந்து திறக்கக்கூடியது. மழைக்காலம் எது வெயில்காலம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இன்று அங்கே கூரை திறந்திருக்கிறது என்று கேட்கும்போதே கோடை வந்துவிட்டது எனக்குத் தெரிந்துவிடும். படத்தின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் பந்தின் தையல் தெரியும் அளவுக்குத் தெளிவு. கைத்தொலைபேசியில் ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது சற்றுத் தடுமாறும், அவ்வளவுதான்.

இனி அணியின் பருவத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சந்தாவின் மதிப்பு கடைசியில் அதில்தான் இருக்கிறது.

2024இல் புளூ ஜேய்ஸ் 74 வெற்றி, 88 தோல்வி என்று தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்திருந்தது. 2025 தொடக்க ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் பால்டிமோர் அணியிடம் 12-2 என்று தோற்றது. முதல் நாளே இப்படியா என்று நான் சோர்ந்தபோது, “162 ஆட்டம் இருக்கு மாமா” என்றுதான் பிள்ளை சொன்னான். ஏப்ரலில் விளாடிமிர் குரேரோ ஜூனியரைப் பதினான்கு ஆண்டுகளுக்கு, 50 கோடி அமெரிக்க டாலருக்கு அணி ஒப்பந்தம் செய்தது. அவர் மாண்ட்ரியலில் பிறந்தவர். அவருடைய தந்தை அப்போது எக்ஸ்போஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்பு மகிழ்ச்சி தந்தாலும், மே மாதக் கடைசி வரை வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சரிபாதியாகவே இருந்தன. அந்த இரண்டு மாதங்களில் சந்தாவை நிறுத்திவிடலாமா என்று நினைக்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். ஆனால் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்று மெல்லப் புலப்பட்டது: இந்த அணியின் மட்டையாளர்கள் மூன்று பந்துகளில் வெறுங்கையோடு திரும்புவதே அரிது. பந்தைத் தொட்டுவிடுவார்கள், தட்டிவிடுவார்கள், வெளியே தள்ளிவிடுவார்கள். எதிரணி எறிவாளரை எட்டு, ஒன்பது பந்துகள் எறியவைத்துக் களைக்கவைப்பார்கள். பருவம் முடிந்தபோது லீக்கின் முப்பது அணிகளிலும் மிகக் குறைவாக ஸ்டிரைக் அவுட் ஆன, அதாவது மூன்று ஸ்டிரைக்குகளில் ஆட்டமிழந்த, அணி இதுதான். சுருக்கக் காட்சித் தொகுப்புகளில் இது தெரியவே தெரியாது. அவற்றில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன்கள் மட்டுமே இருக்கும். எர்னி கிளெமென்ட் போன்ற ஒருவர் எட்டாவது பந்தை வலப்புறமாகத் தட்டிவிட்டு, ஓடிச் சேர வேண்டிய நிலைகளில் முதலாவதான முதல் பேஸில் மூச்சிரைக்க நிற்பதை, முழு ஆட்டத்தையும் பார்ப்பவர் மட்டுமே அறிவார்.

ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை நியூயார்க் யாங்கீஸ் அணி டொரோண்டோவுக்கு நான்கு ஆட்டங்களுக்காக வந்தது. நான்கையும் புளூ ஜேய்ஸ் வென்று பிரிவின் முதலிடத்துக்கு வந்தது. அவற்றில் ஜூலை 1 கனடா நாள். அன்று ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன்கள் அடித்தார், அவற்றில் ஒன்று மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நின்றபோது அடித்த கிராண்ட் ஸ்லாம். மொத்தம் ஏழு ஓட்டங்கள் அவர் மட்டையிலிருந்து வந்தன, ஆட்டம் 12-5. மறுநாள் காலை பசியாறும்போது அந்தப் பதிவைக் கணக்கு தெரியாமல் பார்த்தேன். கோடையின் நடுவில் வந்த நல்ல வாரம் என்று மட்டுமே அப்போது நினைத்தேன். செப்டம்பர் 28ஆம் தேதி, வழக்கமான பருவத்தின் கடைசி நாளில், புளூ ஜேய்ஸும் யாங்கீஸும் 94 வெற்றி, 68 தோல்வி என்று ஒரே கணக்கில் முடித்தன. அப்படி முடிந்தால் இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யாருக்கு அதிக வெற்றி என்று பார்ப்பார்கள். அதில் புளூ ஜேய்ஸ் 8-5 என்று முன்னே இருந்தது. அந்த எட்டில் நான்கு, ஜூலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்த நான்கு. பிரிவுப் பட்டம் 2015க்குப் பிறகு முதன்முறையாகக் கிடைத்தது. முதல் சுற்று ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் உரிமையும் அதனோடு வந்தது. மார்ச்சிலேயே சந்தா கட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. அக்டோபரில் வந்து சேர்பவருக்கு 8-5 என்பது ஓர் எண். ஜூலையில் பார்த்தவருக்கு அது நான்கு காலைப்பொழுதுகள்.

அக்டோபரில் யாங்கீஸை 3-1 என்று வென்ற சுற்றைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் ட்ரே யெசாவேஜ் எறிந்த விதத்தை மட்டும் சொன்னால் போதும். இருபத்திரண்டு வயது இளைஞர். அந்த ஆண்டைக் கீழ்நிலை லீக் ஒன்றில் தொடங்கி, படிப்படியாக ஏறி, செப்டம்பர் நடுவில்தான் முதல் முறையாகப் பெரிய லீக்கில் எறிந்தவர். யாங்கீஸுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல், அதாவது யாரையும் பந்தை அடித்துப் பேஸ் சேரவிடாமல், பதினொரு பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். கையைத் தலைக்கு மேலே செங்குத்தாக உயர்த்தி அவர் பந்தை விடும் கோணம் வித்தியாசமானது. சேவையில் உள்ள மெதுவோட்ட வசதியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சியாட்டிலுக்கு எதிரான, முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவர் முன்னேறும் அடுத்த சுற்று தீபாவளியோடு வந்து பின்னிக்கொண்டது. சொந்த மைதானத்தில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று, சியாட்டிலில் இரண்டை வென்று, ஐந்தாவதைத் தோற்று, வாழ்வா சாவா என்ற ஆறாவது ஆட்டத்துக்கு அணி வந்து நின்றபோது, டொரோண்டோவில் அக்டோபர் 19 ஞாயிறு இரவு; நமக்கு அக்டோபர் 20, தீபாவளி காலை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, சாமி கும்பிட்டுவிட்டு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால், செயலி என்னை வெளியே தள்ளிவிட்டுக் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் கொடுத்தால் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்தக் குறியீடு வரவே பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஏழு மாதங்களாகக் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவரை, பருவத்தின் மிக முக்கியமான ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வாசலில் நிறுத்தி யார் என்று கேட்பது மன்னிக்க முடியாத குறை. இதைச் சேவை நிலையத்துக்கு எழுதியும் தெரிவித்தேன். மூன்று நாள் கழித்து, கேள்விக்குத் தொடர்பே இல்லாத ஒரு பதில் வந்தது. எப்படியோ முதல் இன்னிங்ஸ் போனாலும் மீதி கிடைத்தது. யெசாவேஜ் அன்றும் எறிந்தார். எதிரணி பேஸ்களை நிரப்பி நெருக்கியபோதெல்லாம் ஒரே அடியில் இருவரை வெளியேற்றும் இரட்டை ஆட்டமிழப்புகளால் தப்பித்தார், பார்ஜரும் குரேரோவும் ஹோம் ரன் அடித்தார்கள், 6-2. பத்து மணிக்கு வந்த விருந்தாளிகள் முறுக்குத் தட்டோடு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த அம்மா, அன்று வந்தவர்களுக்கு ஸ்டிரைக் என்றால் என்ன, பால் என்றால் என்ன என்று தாமே விளக்கத் தொடங்கினார்.

மறுநாள் ஏழாவது ஆட்டம். டொரோண்டோவில் அது தீபாவளி இரவு. இந்தச் சேவை மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கலை அந்த ஆட்டத்தை வைத்தே சொல்லலாம். ஏழாம் இன்னிங்ஸ், சியாட்டில் 3-1 என்று முன்னிலை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் புளூ ஜேய்ஸ் ஆட்கள். முப்பத்தாறு வயது ஸ்பிரிங்கர் மட்டையோடு வந்து நின்று, மண்ணைக் காலால் கீறிச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறார். அப்போது மேசையில் இருந்த என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு நிற்காமல். அக்காளின் குரல் பதிவு, பிள்ளையின் படம், குடும்பக் குழுவில் வாழ்த்துகள். திரையில் எறிவாளர் இன்னும் பந்தைக் கையுறைக்குள் திருகிக்கொண்டிருந்தார். எங்கள் படம் நிகழ்வுக்கு ஏறத்தாழ முக்கால் நிமிடம் பின்தங்கியிருந்தது. ஸ்பிரிங்கரின் மட்டையிலிருந்து அந்தப் பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியபோது, மைதானமே குதித்த அந்தக் கணத்தில், நாங்கள் ஏற்கனவே தெரிந்துகொண்ட ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 4-3 என்று ஆட்டம் முடிந்து, 1993க்குப் பிறகு அணி முதன்முறையாக, பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குப் போனது. நேரலை என்று பெயர் வைத்துப் பணம் வாங்கும் எந்தச் சேவையும் இந்தத் தாமதத்தைச் சந்தா கட்டும் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வானொலி வர்ணனையில் இந்தப் பின்தங்கல் குறைவாக இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். உறவினரோடு ஒரே நேரத்தில் பார்க்க நினைப்பவர்கள் ஒன்று ஒலியை நம்புங்கள், இல்லையேல் கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். உலகத் தொடர் முழுவதும் என் கைத்தொலைபேசி அம்மாவின் அலமாரிக்குள் இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரில் மூன்றாவது ஆட்டத்தைத்தான் வேலை நாளில் எதிர்கொள்வது மிகக் கடினமாக இருந்தது. அக்டோபர் 28 செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். ஒரு காதில் மட்டும் வானொலி. பதினொன்றரைக்கு ஒன்பதாம் இன்னிங்ஸ் முடிந்திருக்கும் என்று நினைத்தால் 5-5 என்று சமம். மதிய உணவுக்கு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தபோது பதின்மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரசம் ஊற்ற வந்தவர் யாருடைய ஆட்டம் என்று கேட்டு, கனடா என்றதும் சற்று நின்று கேட்டுவிட்டுப் போனார். பதினெட்டாவது இன்னிங்ஸில் ஃபிரெடி ஃபிரீமன் அடித்த ஹோம் ரன்னால் டாட்ஜர்ஸ் 6-5 என்று வென்றபோது இங்கே மணி மூன்றை நெருங்கிவிட்டது. ஆறு மணி நேரம் 39 நிமிடங்கள். அன்று டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓத்தானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார். அவரை அடிக்கவே விடக் கூடாது என்று வேண்டுமென்றே பேஸைக் கொடுத்து அனுப்பியதும் அதில் அடக்கம். அவ்வளவு நேரமும் ஒலி ஒரு முறைகூட அறுபடவில்லை. குறை சொன்ன வாயால் அதையும் சொல்ல வேண்டும். தோற்றுக் களைத்த அந்த அணி அடுத்த இரண்டு ஆட்டங்களையும் அதே லாஸ் ஏஞ்சலஸில் வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில் யெசாவேஜ் பன்னிரண்டு பேரை ஸ்டிரைக் அவுட் செய்து ஒருவருக்கும் இலவசமாகப் பேஸ் கொடுக்கவில்லை. இன்னும் ஒரே வெற்றி போதும் என்ற நிலையில் டொரோண்டோவுக்குத் திரும்பினார்கள்.

ஆறாவது ஆட்டத்தில் 3-1 என்று தோற்றார்கள். ஏழாவது ஆட்டம் நவம்பர் 2, ஞாயிறு காலை. போ பிஷெட் மூன்றாம் இன்னிங்ஸில் ஓத்தானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். முழங்காலில் அடிபட்டு செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஆடாமல் இருந்து, உலகத் தொடருக்குத்தான் திரும்பியிருந்தார், நடையில் இன்னும் நொண்டல் தெரிந்தது. நாற்பத்தொரு வயது மேக்ஸ் ஷெர்சர் எறிவாளராகத் தொடங்கினார். ஒன்பதாம் இன்னிங்ஸ் வரை 4-3 என்று முன்னிலை. பட்டத்துக்கு இரண்டே ஆட்டமிழப்புகள் மீதி இருந்தபோது, ஹோம் ரன்னுக்குப் பேர்போகாத டாட்ஜர்ஸ் வீரர் மிகெல் ரோஹாஸ், புளூ ஜேய்ஸ் எறிவாளர் ஜெஃப் ஹாஃப்மனின் பந்தை இடப்பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். 4-4.

அதே இன்னிங்ஸின் பின்பாதியில் நிகழ்ந்ததை நான் இந்தச் சேவையின் பல கோண மறுகாட்சியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மூன்று பேஸ்களிலும் புளூ ஜேய்ஸ் ஆட்கள், ஒரே ஓர் ஆட்டமிழப்பு. டால்டன் வார்ஷோ தரையோடு தட்டிய பந்தை ரோஹாஸ் எடுத்துத் தடுமாறி, ஓட்டம் முடியும் தட்டான ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். பேஸ்கள் நிரம்பியிருப்பதால், பந்தைப் பிடித்தவர் தட்டை முதலில் தொட்டாலே ஓடி வருபவர் ஆட்டமிழப்பார். மூன்றாம் பேஸிலிருந்து ஐசையா கைனர்-ஃபலேஃபா காலை நீட்டிச் சறுக்கி வருகிறார். பந்தைப் பிடிக்க எம்பிய டாட்ஜர்ஸ் பிடிப்பாளர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் தட்டைவிட்டு மேலே எழுகிறது. அது மறுபடி தட்டைத் தொடுவதும் சறுக்கி வரும் கால் தட்டை எட்டுவதும் ஏறக்குறைய ஒரே சட்டகத்தில் நிகழ்கின்றன. படத்தை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினால் ஸ்மித்தின் கால் முந்தியது தெரிகிறது. கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளி நின்று ஓடத் தொடங்கியிருந்தால் பட்டம் டொரோண்டோவுக்கு. “ஒரு அடி தானடா” என்றார் அம்மா, விரல்களால் அளந்து காட்டியபடி. அடுத்த பந்தில் கிளெமென்ட் ஓங்கி அடித்ததை டாட்ஜர்ஸின் ஆண்டி பாஹேஸ் தன் அணிக்காரர் மீதே மோதியபடி வேலியருகே பிடித்தார். பதினொன்றாம் இன்னிங்ஸில் ஸ்மித்தின் ஹோம் ரன். முந்தைய இரவு 96 பந்துகள் எறிந்திருந்த டாட்ஜர்ஸ் எறிவாளர் யோஷினோபு யமாமோட்டோ மறுபடி வந்து, புளூ ஜேய்ஸின் கர்க்கின் மட்டையை உடைத்து இரட்டை ஆட்டமிழப்பில் ஆட்டத்தை முடித்தார். 5-4. இங்கே நண்பகலைத் தாண்டியிருந்தது, அங்கே நள்ளிரவு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே நகர்த்திவிடுவார்கள். இரண்டு ஊர் முட்களும் ஒரே இடத்தில் நிற்பது அடுத்த மார்ச் வரை முடிந்தது. அலமாரியிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பிள்ளையை அழைத்தேன். அவனால் பேச முடியவில்லை. அக்காள்தான் வாங்கி, “தம்பி, நாளைக்குப் பேசுறான்” என்று வைத்துவிட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள் மிச்சம் இருக்கின்றன. கட்டணம் அமெரிக்க டாலரில் பிடிக்கப்படுவதால், வங்கி நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்தே ரிங்கிட்டில் கணக்கிடுங்கள். ஏழு மாதங்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தால், மாதத்துக்கு எங்கள் குடும்பம் ஒரு முறை வாழையிலைச் சாப்பாட்டுக்குச் செலவிடும் தொகைதான் வருகிறது. சந்தா அடுத்த ஆண்டுக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வேண்டாதவர்கள் பருவம் முடிந்தவுடனே அதை நிறுத்திவிடுவது நல்லது. தமிழிலோ மலாயிலோ வர்ணனை கிடையாது. ஆங்கிலம் தெரியாத பெற்றோரோடு பார்ப்பவர்கள் முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் ஜூனுக்குப் பிறகு அது தேவைப்படவில்லை. முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய இரவே செயலிக்குள் நுழைந்து, கடவுச்சொல் எதுவும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

பருவம் முடிந்த பிறகும் பழைய ஆட்டங்கள் சந்தாக் காலம் வரை பதிவில் இருக்கின்றன. ஏழாவது ஆட்டத்தில் அந்த ஒரு சறுக்கலைத் தவிர வேறெதையும் நான் மறுபடி பார்க்கவில்லை. அம்மா பொங்கலுக்கு முந்தைய வாரம், சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தீபாவளி அன்று கடவுச்சொல்லால் தவறவிட்ட அந்த முதல் இன்னிங்ஸைப் போடச் சொன்னார்.